171 நாளா, 172 நாளா? மேஜர் லீக் சர்வீஸ் கணக்கு: விவாத இழை

கரையோரக்காகம்

அமெரிக்காவோட உச்சநிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பார்க்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. மார்ச் மாசப் பயிற்சி ஆட்டங்கள்ல வெளுத்து வாங்குற இளம் வீரரை, சீசன் தொடங்குற நேரத்துல, கிளப்போட கீழ்நிலை அணிகள் ஆடுற மைனர் லீக்குக்கு அனுப்பிடுறாங்க. "தடுப்பாட்டம் இன்னும் மெருகேறணும்"னு காரணம் சொல்றாங்க. சரியா ரெண்டு வாரம் கழிச்சு அவரே வந்து மூணாம் பேஸ்ல நிக்கிறார். ரெண்டு வாரத்துல என்ன மெருகு ஏறும்? இதுக்குப் பின்னாடி ஒரு நாள் கணக்கு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கணக்கை முழுசாப் போட்டுக் காட்டினவங்க யாரும் இல்லை. தெரிஞ்சவங்க எழுதுங்க.

நாள்கணக்கன்

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

மேஜர் லீக் சீசன் இப்போது சுமார் 186, 187 நாள் ஓடுகிறது. அதில் ஓர் அணிக்கு 162 ஆட்டம், மிச்சம் ஓய்வு நாள். ஒரு வீரர் மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு சர்வீஸ் நாள். ஆடினாரா, பெஞ்சில் உட்கார்ந்தாரா, அன்று ஆட்டமே இல்லையா என்பதெல்லாம் கணக்கில் வராது. காயப்பட்டோர் பட்டியலில் இருந்தாலும் நாள் ஏறும். 172 நாள் சேர்ந்தால் ஒரு வருடம். 187 நாளும் இருந்தவருக்கும் 172தான் எழுதுவார்கள். அக்டோபர் நாக்-அவுட் ஆட்டங்கள் சேராது.

இதைப் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். 2.132 என்றால் இரண்டு வருடம் 132 நாள். பார்க்கத் தசமம் போல இருக்கும், ஆனால் தசமம் இல்லை. 2.171க்கு அடுத்த நாள் 3.000. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

6.000 வந்தால் அந்த சீசன் முடிந்ததும் வீரர் ஃப்ரீ ஏஜென்ட். முப்பது கிளப்பில் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். 5.171 என்றால் இன்னும் ஒரு முழு சீசன் பழைய கிளப்போடுதான்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட், 2015. அந்த ஆண்டுப் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்திருந்தார். சீசன் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை. ஏப்ரலில் 26 நாள், மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபரில் 4. கூட்டினால் 183. அவரை மேலே கூப்பிட்டது ஏப்ரல் 17. அதற்குள் போனது 12 நாள். 183ல் 12 போனால் 171.

ஒரே ஒரு நாள். அந்த வருடம் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். அடுத்த வருடம் லீகின் மிகமதிப்புமிக்க வீரர், கூடவே 1908க்குப் பிறகு கப்ஸுக்கு முதல் உலகத் தொடர் வெற்றி. இத்தனைக்குப் பிறகும் 2020 முடிவில் கிடைத்திருக்க வேண்டிய விடுதலை 2021 முடிவுக்குத் தள்ளிப்போனது. ஆட்டக்காரர் சங்கம் வழியாகப் புகார் கொடுத்துப் பார்த்தார். தடுப்பாட்டப் பயிற்சிக்காகத்தான் கீழே வைத்தோம், இருந்த மூணாம் பேஸ் வீரருக்குக் காயம் என்பதால்தான் அப்போது கூப்பிட்டோம் என்றது கிளப். 2020 தொடக்கத்தில் தீர்ப்பு கிளப் பக்கமே வந்தது. எண்ணத்தை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம்.

புல்பென்

நாள்கணக்கன் அண்ணா, கணக்கு சரி. ஆனா ஒரு முக்கியமான கண்ணி விட்டுப்போச்சு. அது இல்லாம பிரையன்ட் விஷயம் முழுசா விளங்காது.

கிளப்புக்கு ரெண்டு பட்டியல் இருக்கு. 40 பேர் பட்டியல், அதுக்குள்ள தினமும் ஆடத் தயாரா இருக்குற 26 பேர் பட்டியல். செப்டம்பர்ல 26 வந்து 28 ஆகும். 40ல இருந்து 26ல இல்லாதவரை மைனர் லீக்குக்கு அனுப்புறதுக்குப் பேர் ஆப்ஷன். ஒரு வீரரை மொத்தம் மூணு சீசன்ல அப்படி அனுப்பலாம்.

அதுல ஒரு விதி: ஒரு சீசன்ல எல்லாம் சேர்த்து 20 நாளுக்குக் குறைவா கீழே இருந்திருந்தா அந்த ஆப்ஷன் செலவானதா ஆகாது, அந்த நாளெல்லாம் மேஜர் லீக் சர்வீஸாவே எழுதப்படும். அப்படின்னா பிரையன்ட்டோட 12 நாளும் அவர் கணக்குல ஏறியிருக்கணுமே? ஏறலை. ஏன்னா அவர் அப்போ 40 பேர் பட்டியல்லயே இல்லை. பட்டியலுக்கு வெளியில இருக்குறவருக்கு இந்த 20 நாள் பாதுகாப்பு கிடையாது.

அதனால யாராவது "இவரை ஏப்ரல்ல ரெண்டு வாரம் தாமதிக்கப் போறாங்க"ன்னு சொன்னா, முதல்ல அவர் 40ல இருக்காரான்னு பாருங்க. 40ல இருந்தா கிளப் குறைஞ்சது 20 நாள் கீழே வைக்கணும். வெளியில இருந்தா சீசன் நீளத்துல 171 போக மிச்சம் எத்தனையோ அத்தனை நாள் போதும்.

கரையோரக்காகம்

இப்பத்தான் பிடிபடுது. ஆனா ஆறு வருஷம்னு யார் முடிவு பண்ணினது? சட்டமா?

செங்காந்தள்

சட்டம் இல்லை. கிளப் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம். ஆனால் அந்த ஆறு வருடத்துக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருடப் போராட்டம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1879ல் கிளப்புகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஒவ்வொரு கிளப்பும் ஐந்து வீரர்களைக் குறித்து வைக்கும், மற்ற கிளப்புகள் அவர்களைத் தொடக்கூடாது. பின்னால் அந்த ஏற்பாடு எல்லா வீரர்களுக்கும் விரிந்து, ஒப்பந்தத் தாளிலேயே ஒரு பிரிவாக உட்கார்ந்துவிட்டது. ஒப்பந்தக் காலம் ஒரு வருடம். வீரர் கையெழுத்துப் போடாவிட்டால் கிளப்பே அதை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருக்கிறது, ஆகவே மறுபடி நீட்டிக்கலாம், சாகும்வரை நீட்டிக்கலாம் என்பது கிளப்புகளின் வாதம். போட்டியை நசுக்கும் கூட்டுகளுக்கு எதிரான சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் வழக்குக்கும் வழியடைத்துப்போனது.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், பன்னிரண்டு சீசன் தங்களுக்கு ஆடிய சென்டர் ஃபீல்டர் கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவரைக் கேட்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் 24 அன்று பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கூனுக்கு அவர் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு பொருள் அல்ல என்பது அதன் சாரம். சம்பளம் சுமார் 90,000 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை. அதை விட்டுவிட்டு 1970 சீசன் முழுக்க ஆடாமல் வழக்கு நடத்தினார். ஓய்வுபெற்ற நட்சத்திரம் ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சிக்கூண்டில் ஏறினார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1972ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது. 1971ல் வாஷிங்டன் செனட்டர்ஸுக்கு 13 ஆட்டம், அவ்வளவுதான்.

பூட்டைத் திறந்தது வேறு சாவி. சங்கத் தலைவர் மார்வின் மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966ல் வந்தவர். தகராறுகளை வெளி நடுவரிடம் கொண்டுபோகும் உரிமையை 1970 ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருந்தார். 1975ல் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) கையெழுத்தில்லாமல் அந்த வருடத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு வருடம் என்று எழுதியிருந்தால் அது ஒரே ஒரு வருடம்தான் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் 1975 டிசம்பர் 23ல் தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பு மட்டும் நின்றது.

1976ல் பேசி முடித்ததுதான் இந்த ஆறு வருடம்.

இடக்கைச்சுழல்

வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் கிளப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

கிளப்புகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இப்போது 20 சுற்று இருக்கிறது. ஒரு கிளப் வருடத்துக்கு இருபது பேரை எடுத்தால் அதில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை மிதிப்பதே இல்லை. டொமினிகன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் 16 வயதுப் பையன்களை எடுத்து, சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி, மருத்துவம் எல்லாம் பார்த்து, மேலே வர ஐந்தாறு வருடம் ஆகிறது. தேறி வரும் ஒருவருடைய ஆட்டத்தில்தான் தேறாத மற்றவர்களின் செலவையும் எடுத்தாக வேண்டும். நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலஸோ ஒரு வீரர் போனால் இன்னொருவரை வாங்கிக்கொள்ளும். டாம்பா பேயோ பிட்ஸ்பர்கோ என்ன செய்யும்? ஆறு வருடம் உறுதியாக இருப்பதால்தான் அந்த ஊர்களில் நல்ல அணி உருவாகிறது.

நாள்கணக்கன்

இடக்கைச்சுழல், அந்தக் கவலை நியாயமானது. ஆறு வருடமே கூடாது என்று சங்கமும் சொல்லவில்லை. எல்லா வீரர்களும் வருடாவருடம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரிந்துவிடும் என்று மில்லருக்குத் தெரியும். எல்லோரையும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடலாம் என்று ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி அப்போதே சொன்னார். மற்ற முதலாளிகள் கேட்காதது மில்லருக்கு நிம்மதி. எனவே ஆறு வருடம் வீரர்களுக்கும் ஒருவகையில் லாபம்தான். என் மனக்குறை ஆறு வருடத்தின் மேல் இல்லை. ஆறு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழு எடுப்பதன் மேல்தான்.

அந்த ஏழாவது வருடத்தின் விலையைப் பாருங்கள். முதல் மூன்று வருடம் கிளப் சொல்வதுதான் சம்பளம், குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது ஒன்றுதான் காப்பு. அந்தக் குறைந்தபட்சம் 2025ல் 760,000 டாலர், 2026ல் 780,000. மூன்று வருட சர்வீஸ் வந்த பிறகுதான் சம்பள நடுவர் மன்றம். அங்கே வீரர் ஒரு தொகை, கிளப் ஒரு தொகை எழுதிக் கொடுக்கும். மூன்று நடுவர்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் வாதம், அரை மணி நேரம் மறுப்பு. இரண்டு தொகையில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் வெட்டிக் கொடுக்க முடியாது. அதனால்தான் இரண்டு தரப்பும் அதிகமாக ஆசைப்படப் பயந்து, பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

விசாரணை வரை போனால் மனக்கசப்பு நிச்சயம். சொந்த அணியின் வக்கீல், வீரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய குறைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். 2023ல் மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் தோற்றது முக்கால் மில்லியன் டாலருக்கும் சற்றுக் குறைவான வித்தியாசத்தில். உறவில் காயம் பட்டது உண்மை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அவர் பால்டிமோரில்.

இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் சர்வீஸ் உள்ளவர்களில், முந்தைய சீசனில் குறைந்தது 86 நாள் மேலே இருந்தவர்களை சர்வீஸ் நாள் கணக்குப்படி வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள 22 விழுக்காட்டினரை ஒரு வருடம் முன்பே நடுவர் மன்றத்துக்கு அனுமதிப்பார்கள். இவர்களுக்கு சூப்பர் டூ என்று பெயர். கோடு வருடத்துக்கு வருடம் நகரும். முன்கூட்டி யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏப்ரலில் இல்லாமல் ஜூனில் ஒருவரைக் கூப்பிட்டால் கிளப் கண் வைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டின் மேல்.

கரையோரக்காகம்

பிரையன்ட் விஷயம் நடந்த பிறகு விதி எதுவும் மாறலையா?

நாள்கணக்கன்

மாறியது. 2021 டிசம்பர் 2 முதல் 99 நாள் கதவடைப்பு நடந்ததே, அது முடிந்து வந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் சேர்த்தார்கள்.

ஒன்று, புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வந்தால், தாமதமாகக் கூப்பிட்டிருந்தாலும் முழு வருட சர்வீஸ். 2022ல் பால்டிமோரின் ஏட்லி ரட்ச்மன் மே 21ல் வந்தார், இரண்டாம் இடம், முழு வருடம் கிடைத்தது. 2024ல் பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸ் மே 11ல் வந்து விருதே வாங்கினார், அவருக்கும் அப்படியே.

இரண்டு, கிளப்புக்கு ஊக்கம். முன்னணித் தரவரிசைப் பட்டியல்களில் உள்ள இளைஞரை முழு வருட சர்வீஸ் சேரும்படி சீக்கிரமே மேலே கொண்டுவந்து, அவர் புதுமுக விருது வாங்கினால், கிளப்புக்கு முதல் சுற்று முடிந்ததும் கூடுதலாக ஒரு டிராஃப்ட் தேர்வு. சியாட்டில் 2022ல் ஹூலியோ ரோட்ரிகஸைத் தொடக்க நாளே இறக்கி அதை வாங்கியது. அரிசோனா 2023ல் கார்பின் கேரலுக்காக வாங்கியது.

விருதுக்கு எட்டாத சராசரி நல்ல வீரருக்கு இரண்டாலும் பயனில்லை. அவருடைய 171 இன்னும் 171தான்.

புல்பென்

நட்சத்திரங்களைப் பத்தியே பேசுறோம். இந்த நாள் கணக்குல அதிகமா அடிபடுறது ஏழாவது, எட்டாவது ஆளா இருக்குற ரிலீஃப் பிட்சர்தான், அதாவது ஆட்டத்துக்கு நடுவுல வந்து பந்து போடுறவர்.

நேத்து ரெண்டு இன்னிங்ஸ் 40 பந்து போட்டவரால இன்னிக்குப் போட முடியாது. கிளப்புக்கு இன்னிக்குப் புதுக்கை வேணும். அவருக்கு ஆப்ஷன் மிச்சம் இருந்தா நேரா ட்ரிப்பிள்-ஏ, மைனர் லீக்கோட மேல்படி. நல்லாப் போட்டும் கீழே போறாரு, வேற காரணமே இல்லை. கீழே போன பிட்சரை 15 நாளுக்கு முன்னாடி மேலே கொண்டுவர முடியாது, பேட்டர்னா 10 நாள். யாராவது காயப்பட்டு அந்த இடத்துக்கு வந்தா மட்டும் விலக்கு. முன்னாடி இதை வருஷத்துல எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணலாம். 2022லேர்ந்து ஒரு சீசனுக்கு அஞ்சு தடவைதான். சங்கம் வாங்கின உருப்படியான விஷயங்கள்ல இது ஒண்ணு.

இதுல பணம் எப்படி ஓடுதுன்னு பாருங்க. மேலே குறைஞ்சபட்ச சம்பளத்துல ஒரு நாளைக்கு 4,000 டாலருக்குக் கொஞ்சம் மேல. கீழே போனா அந்த விகிதம் போயிடும். பென்ஷன் உரிமைக்கு 43 நாள் மேலே இருந்திருக்கணும். 41ல கீழே அனுப்பினா அந்த ரெண்டு நாளுக்காக ஒரு மனுஷன் அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கிடப்பான்.

இன்னொரு கண்ணி காயம். மேஜர் லீக் காயப் பட்டியல்ல போனா சர்வீஸும் சம்பளமும் ஓடும். கீழே இருக்கும்போது முழங்கை தசைநார் கிழிஞ்சா மைனர் லீக் காயப் பட்டியல், ஒரு நாள்கூட ஏறாது. ஒரே காயம், ஒரே அறுவை, ஒரு வருஷத்துக்கு மேல ஒரே ஓய்வு. எந்தப் பட்டியல்ல இருந்தப்போ கிழிஞ்சதுங்கிறதுதான் வித்தியாசம். அதனால வலி இருந்தா கீழே போறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து டாக்டர்கிட்ட சொல்லி எழுத வைக்கணும். பயந்து மறைக்கிற இளம் பிட்சர்தான் மாட்டிக்கிறான்.

கரையோரக்காகம்

மைனர் லீக்ல நிஜமாவே எவ்வளவு தர்றாங்க? அப்புறம் டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஒடானி வருஷத்துக்கு 2 மில்லியன்தான் வாங்குறாருன்னு சொல்றாங்களே, அதுவும் இந்தக் கணக்குல வருமா?

புல்பென்

ஒடானி கதை வேற. 700 மில்லியன், பத்து வருஷம். அதுல 680 மில்லியனை வட்டியில்லாம 2034லேர்ந்து 2043 வரைக்கும் வாங்கிக்கிறதா ஒத்துக்கிட்டார். முழு விடுதலை கிடைச்ச பிறகு அவரா பேசிப் போட்டது.

மைனர் லீக் சம்பளம்: 2022 வரைக்கும் சிங்கிள்-ஏல குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 11,000 டாலர், டபுள்-ஏல 13,800, ட்ரிப்பிள்-ஏல 17,500. கடையில வேலை பார்த்தா இதைவிட அதிகம் கிடைக்கும். நாலஞ்சு பேர் ஒரே வீட்டுல தரையில படுத்து ஆடின காலம். குறைஞ்சபட்சக் கூலிச் சட்டம் இவங்களுக்கு முழுசாப் பொருந்தாதபடி 2018ல அமெரிக்க நாடாளுமன்றத்துலயே கிளப் தரப்பு விலக்கு வாங்கிடுச்சு. முன்னாள் வீரர்கள் 2014ல போட்ட கூலி வழக்கு 2022ல 185 மில்லியன் டாலர் சமரசத்துல முடிஞ்சது. அதே வருஷம் செப்டம்பர்ல மைனர் லீக்காரங்களும் சங்கத்துல சேர்ந்தாங்க. 2023 ஒப்பந்தத்துல சிங்கிள்-ஏ 26,200, ஹை-ஏ 27,300, டபுள்-ஏ 30,250, ட்ரிப்பிள்-ஏ 35,800 ஆச்சு. பயிற்சி முகாம்ல இருக்குற பையனுக்கு 4,800லேர்ந்து 19,800.

இடக்கைச்சுழல்

இந்த இடத்தில் நான் வாதாடப் போவதில்லை. 11,000 டாலருக்கு ஆறு மாதம் ஒருவரைப் பேருந்தில் ஊர் ஊராக அலைய வைத்தது தவறு. சாப்பாடே ஒழுங்காக இல்லாமல் பந்து எப்படி வேகம் பிடிக்கும்? கிளப்புக்கும் அது நஷ்டம்தான்.

ஆனால் வீரர் மைனர் லீக்கிலேயே முடங்கிக் கிடக்காதபடி ஒரு வழி முன்பே உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரூல் 5 டிராஃப்ட். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்தாவது சீசனுக்குள், 19 வயதிலோ அதற்குப் பிறகோ என்றால் நான்காவது சீசனுக்குள் 40 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு கிளப் 100,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அடுத்த சீசன் முழுக்க அவரை மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் 50,000 டாலருக்குப் பழைய கிளப்புக்கே திரும்பக் கொடுக்க வேண்டும். பின்னால் பெரிய நட்சத்திரமான ராபர்ட்டோ கிளமென்டியை 1954ல் பிட்ஸ்பர்க், டாட்ஜர்ஸின் கையிலிருந்து எடுத்தது இப்படியொரு டிராஃப்டில்தான்.

கரையோரக்காகம்

நான் ஒண்ணு போட்டுப் பார்த்தேன், சரியான்னு சொல்லுங்க. சீசன் 187 நாள், ஆள் 40 பேர் பட்டியல்ல இல்லை. 16ஆம் நாள் கூப்பிட்டா 15 நாள் போச்சு, 172, முழு வருஷம். 17ஆம் நாள் கூப்பிட்டா 171, கிளப்புக்கு இன்னொரு வருஷம்.

நாள்கணக்கன்

சரி. இரண்டு எச்சரிக்கை மட்டும். இது அவர் வந்த பிறகு கடைசி வரை மேலேயே இருந்தால்தான். நடுவில் 20 நாளோ அதற்கு மேலோ ஆப்ஷனில் போனால் அத்தனையும் கழியும். 19 நாள் மட்டும் போய் வந்தால் கழியாது, கூப்பிட்டபோதே 40ல் சேர்ந்துவிட்டாரே. இரண்டாவது, சீசன் நீளத்தை 187 என்று மனப்பாடம் செய்துவைக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் அட்டவணை வந்ததும் முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு நாள் பிசகினால் விடையே மாறிப்போகும்.

செங்காந்தள்

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ல் காலாவதியாகிறது. 172, 20, 86, 43, ஆறு என்று இங்கே எழுதிய எண் எதுவும் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை மேசைக்கு வரலாம். புது ஒப்பந்தம் வந்ததும் இதே இழையில் எது மாறியது என்று பதிவிடுகிறேன்.